மூக்கு மேஸ்திரி

பிரம்மதேவனுக்கு அடுத்தபடியாக மனித மூக்கை முழுதாக அறிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவர் கோலார் தங்கவயலில், எங்கள் மைனின் டிராயிங் ஆபீசில், எனக்கு இடதுபக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அளந்து விடுகிறேன் என்று நினைப்பவர்கள் முதலில் கண்ணாடியில் தங்கள் மூக்கைப் பார்த்துவிட்டு வரட்டும். அதைப் பற்றிச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை சொல்ல முடிகிறதா? மேஸ்திரி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவார்.

இப்போது வாரப் பத்திரிகைகளில் கதைக்குப் படம் போடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கதாநாயகிக்கு முகத்தில் பாதி கண். மிச்சத்தில் ஒரு வாய். மூக்குக்கு இடமில்லாமல், போனால் போகிறதென்று இரண்டு புள்ளி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண் எப்படி மூச்சு விடுகிறாள் என்று யாருக்கும் கவலை இல்லை. மேஸ்திரி இன்று இருந்திருந்தால் பத்திரிகை ஆபீஸ் வாசலில் சத்தியாக்கிரகம் செய்திருப்பார்.

அவர் படம் போடும் முறையே தனி. கரியை அவரேதான் சுட்டுக்கொள்வார். புளியங்குச்சியைச் சட்டியில் அடைத்து, மண் பூசி, பதமாகச் சுட்டு எடுத்தது. தாளைப் பலகையில் குத்திவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு தயக்கமே இல்லாமல் எழுந்து வந்து, "ஒரே ஒரு வாட்டி தொட்டுப் பாத்துக்கிறேங்க" என்று மூக்கின் தண்டை இரண்டு விரலால் பிடிப்பார். அப்புறம்தான் கோடு. வெள்ளைத் தாளின் நடுவில் மூக்கு மட்டும் முளைக்கும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. மேஸ்திரி பதறமாட்டார்.

"மூக்கு ஒயுங்கா குந்திக்கினா, கண்ணு தானா வந்து ரெண்டு பக்கமும் குந்திக்கும்" என்பார். "கண்ணு சிரிக்கும், வாயி புளுவும். மூக்குக்கு மட்டும் நடிக்கத் தெரியாது, டிரேசரு!"

டிரேசர் என்பது நான். துரைமார் போடும் சுரங்கப் படங்களின் மேல் மெழுகுத்துணியை விரித்து மையில் நகல் எடுப்பது என் உத்தியோகம். என் மூக்கைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. முதல் நாளே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆண்டவன் பாதி பண்ணிக்கினு இருக்கசொல்ல யாரோ கூப்ட்டுட்டாங்க போல" என்று விட்டுவிட்டார். அதன் பிறகு சில நாட்கள் நான் அவரிடம் பேசவில்லை.

மேஸ்திரிக்கு அப்பா அம்மா என்ன பெயர் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவரும் யாருடைய பெயரையும் தெரிந்துகொண்டதில்லை. ஊரில் எல்லாரும் அவருக்கு மூக்குதான். கத்திரிக்காய் மூக்கு வந்தாரா? ஆணி மூக்குக்குக் குழந்தை பிறந்ததாமே? இப்படித்தான் விசாரிப்பார். நாமும் யாரென்று புரிந்துகொண்டு பதில் சொல்வோம். அதுதான் இதில் ஆச்சரியம்.

வட ஆற்காட்டுப் பக்கம் தேர்ப்பலகைகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர், மாமன் மச்சானெல்லாம் தங்கவயலுக்குக் கிளம்பியபோது கூடவே வந்துவிட்டார். சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன், அங்கே இருட்டில் மூக்கு தெரியாது என்று சொல்லிவிட்டாராம். ராபர்ட்சன்பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. புதுக் கடைகள், புதுப் பலகைகள். மேஸ்திரிக்கு நல்ல காலம். அந்த நல்ல காலத்தை அவர் இரண்டே காரியங்களில் முடித்துக்கொண்டார்.

முதல் காரியம் அந்தோணியார் கொடி. கத்தோலிக்கக் குடும்பத்தார் திருநாளுக்கு அந்தோணியார் படம் போட்டுப் புதுக்கொடி எழுதச் சொன்னார்கள். அந்தோணியாருக்கு மூக்கு வேண்டுமே! மேஸ்திரி ஊரெல்லாம் தேடி, கடைசியில் சாராயக்கடைக்காரரிடம் அந்த மூக்கைக் கண்டுபிடித்தார். சாந்தமான மூக்காம். கொடி ஏறியது. கோவில் உபதேசியார் ஜெபம் நடத்திக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் ஒரு ஆள் மெல்ல முழங்காலிலிருந்து எழுந்தார்.

"உபதேசியாரே, இது நம்ப கடைக்காரரு மாதிரி இல்ல?"

"வாய மூடு. ஜெபம் சொல்லு."

"ஜெபம் சொல்றேங்க. கடனு கேக்க வந்தா மாதிரி கீது, அதான்."

அதற்குப் பிறகு பாதிப் பேருக்கு ஜெபத்தில் மனம் போகவில்லை. ஆனால் விசேஷம் என்னவென்றால், அந்தச் சாராயக்கடைக்காரர் தன் மூக்கைப் பார்க்கக் கோவில் வாசலுக்கு வர ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றி, அன்றைக்கு மட்டும் சாராயத்தில் தண்ணீர் கலப்பதை நிறுத்திவிட்டார். உபதேசியாருக்குக் கோபப்படுவதா, அந்தோணியார் செய்த அற்புதம் என்று சொல்வதா என்று புரியவில்லை. கொடி எழுதும் வேலையை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்தார்.

இரண்டாவது, திருடன் விஷயம். மைன் வேலியைத் தாண்டி எவனோ மூட்டையோடு ஓடியதை மேஸ்திரி பார்த்துவிட்டார். காவல் சார்ஜண்டுக்கு ஒரே குதூகலம். மீசையை முறுக்கிக்கொண்டு, "ஓடினவனை வரைந்து கொடு" என்றார். மேஸ்திரி வரைந்தார். தாள் முழுக்க ஒரே மூக்கு. நல்ல வளைந்த, கம்பீரமான மூக்கு. சார்ஜண்ட் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு மூக்காக ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒருவன் கனைத்தான். பிறகு வரிசை மொத்தமும் சிரிக்க ஆரம்பித்தது. தாளில் இருந்தது சார்ஜண்டின் மூக்கு.

"ரெண்டு பேரு ஓடினாங்க தொரை. முன்னால ஒர்த்தன், தொரத்திக்கினு நீங்க" என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் கலங்காமல். "எந்த மூக்கு நல்லா இருந்திச்சோ அத்த வரஞ்சேன்."

அதோடு பஜாரில் அவருக்குப் பலகை கொடுப்பவர் யாரும் இல்லை. ஆனால் இந்தக் கதை டிராயிங் ஆபீஸ் துரையின் காதுக்குப் போய், துரை வயிறு வலிக்கச் சிரித்து, ஆபீசில் படம் போடும் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மேஸ்திரி உள்ளே வந்தவுடன் துரையின் முகத்தைப் பார்த்து அப்படியே கைகூப்பி நின்றார். பணிவு என்று துரை நினைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும். அப்படி ஒரு மூக்கை மேஸ்திரி தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. தினம் அதன் எதிரே உட்கார்ந்திருக்கலாம் என்பதற்காகவே அவர் அந்த வேலையை ஒப்புக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சுரங்கத்தில் ஏழுமலை செத்துப்போனான்.

கீழே பாறையில் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, பற்ற வைப்பார்கள். சில துளைகளில் மருந்து முழுதும் வெடிக்காது. அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அடுத்த ஷிப்டில் வருகிறவன் பழைய துளையைக் கழுவாமல், விளக்கைப் பிடித்துப் பார்க்காமல், அவசரத்தில் அதிலேயே ட்ரில்லை வைத்தால் அவ்வளவுதான். ஏழுமலை வைத்துவிட்டான். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் அவனை மேலே கொண்டுவந்தபோது முகத்தை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

"யாரு ஏழுமலை?" என்று மேஸ்திரி கேட்டார்.

எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "நீங்க மொளகா மூக்குன்னு கூப்பிடுவீங்களே, அவருதான்."

மேஸ்திரி கையிலிருந்த கரியை ஸ்டூலின் மேல் வைத்தார். "அத்த நான் இன்னும் வரையவே இல்லியே" என்றார். அந்த மனிதருக்கு அழத் தெரியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

பழைய துளையைப் பாருங்கள் என்று நாலு பாஷையில் ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டித்தான் இருந்தது. ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவர்கள் படிக்கவில்லை. மறுநாள் காலை மேஸ்திரி நேராகத் துரையின் மேஜைக்குப் போனார்.

"தொரை, எய்த்து வேணாம். படம் போடலாம். பாத்தா பயந்துக்கணும். இன்னொரு ஆளு இப்பிடிப் போவக்கூடாது."

துரைக்கும் அந்தச் சாவு உறுத்திக்கொண்டிருந்தது போல. உடனே சம்மதித்தார். "ஆனா ஒரு விஷயம், மேஸ்திரி. ஆள் பயப்படணும். சிரிக்கக்கூடாது. சிரிச்சா படம் கிழிச்சுப் போடறது, பழைய நோட்டீஸ் போதும்" என்று தம் தமிழில் சொன்னார்.

எங்கள் ஆபீசில் ஏற்பட்ட பரபரப்பைச் சொல்லி முடியாது! மேஸ்திரி சோறு தண்ணீர் மறந்தார். இருட்டுக்கு இறங்க மாட்டேன் என்றவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு கேஜில் ஏறி, பாறை குடையும் லெவலில் போய் நின்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறையையும் ஆட்கள் ட்ரில் பிடிக்கும் விதத்தையும் பார்த்து வந்தார். படம் வளர்ந்தது. துளை, ட்ரில், பாறையைப் பிளந்து வரும் நெருப்பு, அந்த நெருப்பில் தூக்கி எறியப்படுகிற ஒரு ஆள். அதை மெழுகுத்துணியில் மையால் எடுத்துக் கொடுத்தேன். நீலத்தாளின் மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்து வெயிலில் காட்டி, தொட்டித் தண்ணீரில் அலசினால், கருநீலத்தில் வெள்ளைக் கோடாகப் படம் எழுந்து வரும். சுரங்கப் படங்களுக்கு நகல் எடுக்கிற அதே வித்தைதான். முதல் தாளைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது எனக்கு மயிர் சிலிர்த்தது. நெருப்பு நிஜமாகவே சுட்டது.

கேஜ் இறங்கும் ஷாஃப்ட் வாசலிலும் கீழே லெவல்களிலும் ஒட்டினோம். நானும் மேஸ்திரியும் மறைவில் நின்று பார்த்தோம். காலை ஷிப்ட் ஆட்கள் கூடினார்கள். முகங்களில் பயம் வந்தது. மேஸ்திரி என் தோளைப் பிடித்து அமுக்கினார். அப்போது ஒருவன் கத்தினான்.

"அடேய், இது நம்ப பெருமாளுடா!"

சாகிற ஆளுக்கும் மூக்கு வேண்டுமே! மேஸ்திரி, ட்ரில்லர் பெருமாளின் மூக்கைக் கொடுத்திருந்தார். அச்சு அசல். பெருமாள் படத்தின் முன்னால் நின்று தன் சாவைத் தானே பார்த்தான். பிறகு நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவன் பெண்சாதி கன்னியம்மா ஆபீசுக்கு வந்தாள். வந்தாள் என்று எழுதுவது ரொம்ப மரியாதை. கதவு சுவரில் மோதியது. துரை எழுந்தே நின்றுவிட்டார்.

"எவன்யா அது மூக்கு மேஸ்திரி? எம்புருசன் குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறான். அவனப் புடிச்சி செவுத்துக்குச் செவுரு சாவடிச்சிக்கினு கீறியே, நீ நல்லா இருப்பியா? எதுனா அவனுக்கு ஆயிடுச்சின்னா எந்தாலிக்கு நீ பதில் சொல்றியா?"

"அம்மா, அந்த மூக்கு ரொம்ப நல்ல..."

"மூக்கப் பத்திப் பேசின, ஒன் மூக்கு ஒங்கையில இருக்கும்!"

அன்று மாலைக்குள் படங்களை எல்லாம் எடுத்தாயிற்று. மேஸ்திரி சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ கரியை எடுத்துக்கொண்டு வேறு மூக்கு தேடக் கிளம்பினார். அங்கேதான் வந்தது வினை. விஷயம் தொழிலாளர் லைன் வீடுகள் பூராவும் பரவிவிட்டது. மேஸ்திரி பிடித்தால் மூக்கு சாவுக்குப் போகிறது! அவர் ஒரு முனையில் நுழைந்தால் தெரு முழுக்க ஆண்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பார்பர் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஆபீசில் நானும் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். உன் மூக்கு எதற்கும் உதவாது என்று அவரே சொல்லியிருந்தும் துணிவு வரவில்லை.

வேறு வழியில்லாமல் மூக்கே இல்லாத ஆளை வரைந்து ஒட்டினார். ஆட்கள் பார்த்தார்கள். "மூக்கில்லாதவன்தான சாவறான், நமக்கு இன்னாத்துக்கு?" என்று நிம்மதியாகக் கேஜில் ஏறினார்கள்.

ஊரில் அப்போது பொத்தாமல் இருந்த மூக்கு ஒன்றே ஒன்றுதான். நான் எவ்வளவோ கெஞ்சினேன். மேஸ்திரி கேட்கவில்லை. "கை அரிக்குது டிரேசரு, எத்தினி நாளா பாத்துக்கினே கீறேன்!" என்றார். படம் ஏறியது. ஷாஃப்ட் வாசலில் திருவிழாக்கூட்டம். நெருப்பில் துரை பறந்துகொண்டிருந்தார். வேறு லெவல் ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். துரை வந்தார். கூட்டம் கலைந்தது. அவர் படத்தைப் பார்த்தார், பிறகு தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆள் சிரிச்சாங்க" என்றார் துரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இன்னும் ஒரு படம். அதுக்கும் சிரிச்சா, நோட்டீஸ்."

அந்தக் கடைசிப் படத்துக்காக மேஸ்திரி பார்பர் கடைக்குப் போனார். பார்பர் துண்டைத் தேடுவதற்குள், "ஒம்மூக்கு வேணாம்பா, கண்ணாடி குடு" என்று வாங்கிக்கொண்டு வந்தார். என் எதிரிலேயே உட்கார்ந்து, அதில் முகம் பார்த்தார். ஊரார் மூக்கெல்லாம் அளந்தவர் தம்முடையதை அதுவரை பார்த்ததில்லை என்பதை அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். இரண்டு விரலால் பிடித்தும் பார்த்தார்.

"இது இன்னா மூக்கு?" என்று என்னிடம் கேட்டார், ரொம்ப ஏமாந்த குரலில். "சப்பையா, போண்டா கணக்கா. இத்த வச்சிக்கினா ஊரையெல்லாம் பேசினேன்?"

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. "வேணாம் மேஸ்திரி, அபசகுனம்" என்றேன்.

"எனக்கின்னா பொண்டாட்டியா கீறா, கதவ ஒடச்சிக்கினு வர? வரைய உடுங்க" என்றார்.

வரைந்தார்.

மறுநாள் காலை ஷாஃப்ட் வாசலில் ஆட்கள் கூடினார்கள். நெருப்பு அதேதான், துளை அதேதான். அதில் எங்கள் மேஸ்திரி கையை விரித்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெருமாள் முன்னால் வந்து பார்த்தான். வேலைக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது அவனுக்கு.

"இன்னா மேஸ்திரி இது? இன்னா வேல பண்ணிக்கீறீங்க?" என்றான்.

"பாத்தா பயமா கீதா?" என்று மேஸ்திரி ஆவலாகக் கேட்டார்.

"கீதுங்க. ட்ரில்லத் தொடவே பயமா கீது."

"அப்ப சரி. கீய போயி தொளையக் கயுவிப் பாரு."

அன்றைக்குக் கீழே போய்வந்தவர்கள் சொன்னதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ட்ரில்லை எடுக்கும் முன்னால் ஒருவனுக்கொருவன், "டேய், மேஸ்திரிய சாவடிச்சிடாத, நல்லாப் பாரு!" என்று சொல்லிக்கொண்டார்களாம். தம் உயிருக்காகத் துளையைக் கழுவாதவர்கள், அவருக்காகக் கழுவினார்கள். விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். அன்று ஒரு துளையின் அடியில் மருந்து அகப்பட்டது. கண்டுபிடித்தவன் பெருமாள். செய்தி கேட்டு மேஸ்திரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். துரை, பார்க்காதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படம் அங்கேயே இருக்கும் என்று உத்தரவாயிற்று.

சில நாள் கழித்து மேஸ்திரி கொதித்துக்கொண்டு வந்தார்.

"டிரேசரு, எவனோ எம்படத்தக் கெடுத்துட்டான்! ஷாஃப்டுலயும் சரி, லெவல்லயும் சரி, எல்லாத்துலயும் கன்னத்துல அயுக்கு! வேற புதுசா எடுத்துக் குடுங்க."

போய்ப் பார்த்தேன். கருநீலத்தில் கறுப்பு. கிட்டே போனால்தான் தெரியும். அழுக்கு இல்லை. வலது கன்னத்தில், விரலால் அழகாக வைத்த மைப்பொட்டு. நான் நிற்கும்போதே கன்னியம்மா, புருஷனுக்குச் சோற்றுத்தூக்கோடு வந்தவள், படத்தருகே போய், வெயிலில் மங்கியிருந்த பொட்டின் மேல் இன்னொரு தரம் மை வைத்தாள். "நெருப்புல கீறாரே மனுசன், கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போனாள்.

இதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை. சொன்னால் கோட்டைக் கெடுத்துவிட்டாள் என்று சண்டைக்குப் போவார். கேட்டபடி புதிய தாள்களை வெயிலில் எடுத்து, அலசி, உலர்த்தினேன். எல்லாம் அவர் விரும்பியபடி அப்பழுக்கில்லாமல் இருந்தன. அவர் வெளியே போன சமயம் பார்த்து என் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, ஒவ்வொரு தாளிலும் அந்தச் சப்பை மூக்குக்குப் பக்கத்தில், வலது கன்னத்தில், ஒரு பொட்டு வைத்தேன். அது இல்லாமல் அவரைக் கீழே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.